ஒற்றை முடிச்சுக் கல்யாணம்

தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பலை விட்டு இறங்கிய முப்பத்துநான்கு பேரையும் டெபோரா இரண்டு தடவை எண்ணிவிட்டுத்தான் பஸ்ஸில் ஏறினாள். அவள் எண்ணிக்கை சொல்லாமல் டிரைவர் சேக் முகம்மது சாவியைத் திருப்ப மாட்டார். போன வருஷம் ஒரு வெள்ளைக்காரக் கிழவரைக் கோயில் கழிப்பறையில் விட்டுவிட்டுப் பத்துக் கிலோமீட்டர் வந்துவிட்டார்கள். அன்று இரண்டு பேரும் பட்ட பாடு ஆயுசுக்கும் போதும்.

“முப்பத்துநாலு, பாய்” என்றாள். வண்டி கிளம்பியது.

எல்லோரும் அறுபதைத் தாண்டியவர்கள். தங்கள் ஊர்ப் பக்கத்து ஆறுகளில் கப்பலில் போய், வழியில் இறங்கி, கோட்டையும் தேவாலயமுமாக ஒரு பழைய ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சாயங்காலம் கப்பலுக்குத் திரும்பிப் பழகியவர்கள். இங்கேயும் அதே ஏற்பாடுதான். என்ன, நம் தாமிரபரணியில் கப்பல் ஓடாது, எருமை வேண்டுமானால் குளிக்கும். ஆகவே கப்பல் கடலில் நிற்க, ஆற்றங்கரை ஊருக்குப் பஸ். கப்பல்காரர்கள் அச்சடித்த தாளில் அழகியபாண்டிமங்கலத்தை ‘இடைக்காலத்து நதிக்கரை நகரம்’ என்று போட்டிருந்தார்கள். எண்ணூறு வருஷத்துக் கோயில், ஆற்றில் இறங்கும் கல் படித்துறை, அதற்கு மேலே அம்மன் சன்னதியோடு சேர்ந்த பதினாறு கால் மண்டபம், சுவரெல்லாம் கல்வெட்டு, எல்லாம் உண்டு. இன்றைக்கு அந்த நகரத்தில் மிச்சமிருக்கும் வியாபாரம் ஒரு ரேஷன் கடையும் இரண்டு டீக்கடையும்தான்.

டெபோரா பாளையங்கோட்டைக்காரி. பதினோரு வருஷம் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்தியவள், பிறகு கைடு வேலைக்கு வந்தாள். வேலை மாறினாலும் எல்லோருக்கும் அவள் டீச்சர்தான். கோயில் மட்டும் போதாது, ஒரு கிராமத்துக் கல்யாணமும் காட்டு என்று கப்பல் கம்பெனி கேட்டபோது அவளுக்குச் சுருக்கென்றது. தாலி என்ன விளையாட்டுச் சாமானா? அவள் கழுத்திலும் வேதாகமம் பொறித்த தாலி கிடக்கிறது. இருபது வருஷமாகக் குளிக்கும்போதுகூட அதைக் கழற்றியதில்லை. ஆனால் அவள் மாட்டேன் என்றால் நாளைக்கே இன்னொரு கைடு செய்யப்போகிறான். யோசித்து யோசித்து மூன்று நிபந்தனை போட்டாள். பெண்ணும் மாப்பிள்ளையுமாக உட்காருகிறவர்கள் நிஜத்திலேயே புருஷன் பெண்டாட்டியாக இருக்க வேண்டும். கயிற்றில் தங்கம் கூடாது, மஞ்சள் துண்டுதான். முடிச்சு ஒன்றோடு சரி, மூன்று போடக் கூடாது.

அந்த ஊர்ப் பேச்சித்தாய் அதற்கு ஒத்துக்கொண்டு, தன் மகன் செந்தில்முருகனையும் மருமகள் மாரிக்கண்ணுவையும் உட்கார வைத்தாள். நான்கு கப்பலுக்கு நான்கு தடவை அவர்களுக்குக் கல்யாணம் நடந்தது. மாரிக்கண்ணு ஒவ்வொரு தடவையும் தன் சொந்தத் தாலியை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு, புதுப்பெண் மாதிரி தலை குனிந்து உட்காருவாள். ஆட்டம் முடிந்ததும் அதை வெளியே எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். அம்மியில் மோதி ஒரு ஓரம் நசுங்கிப்போன தாலி அது. டெபோராவிடம் அந்த நசுங்கலைக் காட்டிச் சிரித்திருக்கிறாள்.

பஸ் ஸ்ரீவைகுண்டம் பாலத்தைத் தாண்டும்போது பேச்சித்தாய் போனில் கூப்பிட்டாள். மாரிக்கண்ணு காலையில்தான் வீட்டுக்குத் தூரமாகிவிட்டாளாம். மூன்று நாளைக்குக் கோயில் வாசலை மிதிக்க முடியாது, மண்டபமும் கோயிலோடு சேர்ந்தது. கவலைப்படாதிய டீச்சர், வேற ஆளு ஏற்பாடு பண்ணியாச்சு, ஆனா பதினொன்றரைக்குள்ள வந்திருங்க என்று சொல்லிவிட்டு அவள் போனை வைத்துவிட்டாள். வேறு ஆள் என்றால் வேறு ஒரு ஜோடி என்று டெபோரா நினைத்துக்கொண்டாள். மணி சொல்லி அவசரப்படுத்துகிற பழக்கம் பேச்சித்தாய்க்குக் கிடையாதே என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அதற்குள் பின் சீட்டில் ஒருவர், ரோட்டோரம் ஏன் இத்தனை வாழைமரம் கட்டியிருக்கிறது, ஏன் இத்தனை மைக் சத்தம் என்று கேட்டார். இன்று நல்ல முகூர்த்த நாள், ஊரெங்கும் கல்யாணம் என்று டெபோராவே மைக்கில் விளக்கம் சொன்னாள். சொன்ன வாய்க்கு விளங்கவில்லை.

மண்டபத்தில் மணையெல்லாம் போட்டுத் தயாராக இருந்தது. வழக்கமாகப் போனில் போடும் நாதஸ்வரம் இல்லை. நிஜமாகவே நெல்லையப்பன் என்கிற நாதஸ்வரக்காரர் மேளத்தோடு வந்து உட்கார்ந்திருந்தார். உள்ளூர்ப் பெண்கள் இருபது முப்பது பேர் நல்ல சேலையில் நின்றார்கள். மணையில் செந்தில்முருகன் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, கூச்சமே இல்லாமல் சிரித்தபடி ஒரு பெண். மாரிக்கண்ணுவின் தங்கச்சி பொன்செல்வி.

டெபோராவுக்கு அவளைத் தெரியும். அப்பன் ஆத்தா இல்லாத பிள்ளை, அக்காதான் வளர்த்துப் படிக்க வைத்தாள். பாளையங்கோட்டையில் ஹாஸ்டலில் தங்கி ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். கோயம்புத்தூரில் பெரிய வேலை கிடைத்து, திங்கட்கிழமை போகப்போகிறாள் என்று மாரிக்கண்ணுதான் போன தடவை பெருமையாகச் சொன்னாள்.

டெபோரா பேச்சித்தாயைத் தனியே கூப்பிட்டு, இது சரியில்லை, இவள் கொழுந்தியாள் அல்லவா, வேறு ஜோடி கிடைக்கவில்லையா என்று கேட்டாள். விளையாட்டுதானே டீச்சர், மஞ்சத்துண்டுதானே, ஒத்த முடிச்சுதானே என்று பேச்சித்தாய் அவளுடைய நிபந்தனைகளை அவளிடமே ஒப்பித்தாள். பொன்செல்வியும், அக்கா போன் பண்ணி ரொம்பக் கெஞ்சினாள், பதினைந்து நிமிஷந்தானே டீச்சர், முடிச்சதும் நான் ஹாஸ்டலுக்குப் போகணும் என்று சொல்லிச் சிரித்தாள். முப்பத்துநான்கு பேர் வெயிலில் விசிறிக்கொண்டு நின்றார்கள். அந்த இடத்தில் டெபோரா ஒரே ஒரு வார்த்தை, வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இரண்டரைக்குள் கிளம்ப வேண்டுமே என்றுதான் அவள் யோசித்தாள்.

வந்தவர்கள் எல்லோர் காதிலும் ஒரு சின்னக் கருவி மாட்டியிருந்தது. டெபோரா சட்டையில் குத்தியிருக்கும் மைக்கில் மெதுவாகப் பேசினாலும் அத்தனை பேருக்கும் கேட்கும். இது மஞ்சள், இது அரிசி, இது குத்துவிளக்கு என்று அவள் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே வந்தாள். செந்தில்முருகன் கயிற்றைக் கையில் எடுத்தான். அதன் நடுவை அவன் உள்ளங்கைக்குள் பொத்தியே வைத்திருந்ததை அவள் பார்த்தாள். கூச்சம் என்று நினைத்துக்கொண்டாள். கெட்டிமேளம் கொட்டியது, பெண்கள் குலவை போட்டார்கள், அரிசி பறந்தது. நீலத் தொப்பி போட்ட ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு படம் எடுத்தாள்.

அப்போதுதான் பேச்சித்தாயின் கைகளை டெபோரா கவனித்தாள். பொன்செல்வியின் பின்னால் விளக்குப் பிடித்து நிற்க வேண்டியவள், விளக்கைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்திருந்தாள். மகன் போட்ட முடிச்சுக்கு மேல் இரண்டாவதைப் போட்டு இறுக்கினாள். அதற்கு மேல் மூன்றாவதையும் போட்டு இறுக்கினாள்.

பொன்செல்வியின் சிரிப்பு நின்றது. கழுத்தை இறுக்குகிறதே என்று கயிற்றில் கை வைத்தவள் கீழே குனிந்து பார்த்தாள். மஞ்சள் துண்டு இல்லை. தங்கம். அதைத் திருப்பினாள். ஒரு ஓரம் நசுங்கியிருந்தது.

“இது எங்கக்காவோட தாலில்லா” என்றாள்.

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஆனால் மேளம் நின்றுவிட்ட நேரம், எல்லோருக்கும் கேட்டது. பொன்செல்வி தலையைத் தூக்கிக் கூட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். பார்வை ஒரு தூணில் போய் நின்றது. டெபோராவும் அங்கே பார்த்தாள். தூணை ஒட்டி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு மாரிக்கண்ணு நின்றிருந்தாள். வீட்டுக்குத் தூரம் என்று சொன்னவள், அம்மன் சன்னதிக்கு இந்தப் பக்கம், மண்டபத்துக்குள்ளேயே நின்றிருந்தாள். அப்படியானால் தூரமும் பொய், போனும் பொய், கெஞ்சினதும் பொய். பொன்செல்விக்கும் அந்தக் கணத்தில்தான் முழுசாக விளங்கியிருக்க வேண்டும்.

முப்பத்துநான்கு பேரும் கை தட்டினார்கள்.

பேச்சித்தாய் மறைக்கவே இல்லை. எட்டு வருஷமாகப் பிள்ளை இல்லை, ஒற்றை மகன், வம்சம் அற்றுப்போகும் என்று பங்காளிகள் காது படப் பேசுகிறார்கள், தானும் எத்தனை கோயில் ஏறி இறங்குவது என்று ஆரம்பித்தாள். பங்குனி மாசமே பொன்செல்வியைத் தன் மகனுக்கு இரண்டாம் தாரமாகக் கேட்டாளாம். இவள் முடியாது என்று சொல்லிவிட்டு வீட்டுப் பக்கமே வராமல் போனாளாம். இனிமேல் என்ன செய்வாள் என்று ஊர்ப் பெண்களைப் பார்த்துக் கேட்டாள்.

“சாமி முன்னால தாலி ஏறிட்டு. இத்தன வெள்ளக்காரவ சாட்சி, அம்புட்டுப் பேரு கையிலயும் போட்டோ இருக்கு” என்றாள். பிறகு டெபோராவின் பக்கம் திரும்பினாள். “நடத்தி வச்சது நம்ம டீச்சரு.”

அந்தச் சொல் டெபோராவின் தலையில் இடியாக விழுந்தது. மறுக்கலாம் என்றால் மறுக்க என்ன இருக்கிறது? இது மணமகன், இது மணமகள், இப்போது இவர்கள் கணவன் மனைவி ஆனார்கள் என்று சற்று முன் மைக்கில் சொன்னது அவள் வாய்தான். செந்தில்முருகனைப் பார்த்தாள். அவன் மணையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஊர்ப் பெண்களைப் பார்த்தாள். பாதிப் பேர் திகைத்து நின்றார்கள். மீதிப் பேர், நடந்தது நடந்துபோச்சு, இனி வாழ்ந்துதான் ஆகணும் என்று தங்களுக்குள் பேச ஆரம்பித்துவிட்டார்கள். இவ்வளவு சீக்கிரம் ஒரு பெண்ணின் கதையை முடித்துவிடுவார்களா என்று டெபோராவுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அதில் முக்கால் பங்கு தன் மேலேயே வந்த ஆத்திரம்.

பொன்செல்வி எழுந்து நேரே அவளிடம் வந்தாள்.

“டீச்சர், இவங்ககிட்ட நீங்க என்ன சொன்னிய?”

“கல்யாணம்னு சொன்னேன்” என்றாள் டெபோரா.

“இப்ப மாத்திச் சொல்லுங்க. எனக்குத் தெரியாம, என்னைய ஏமாத்திக் கெட்டுனதுன்னு சொல்லுங்க. எனக்குச் சம்மதம் இல்லன்னு சொல்லுங்க.”

சொன்னால் இந்தக் கப்பல்தான் அவளுக்குக் கடைசிக் கப்பல். அது தெரிந்தேதான் டெபோரா மைக்கை வாய்ப் பக்கம் இழுத்தாள். நீங்கள் இப்போது பார்த்தது காட்சி இல்லை என்று தொடங்கினாள். இந்தப் பெண் விளையாட்டு என்று நம்பி உட்கார்ந்தாள், இவளுக்குத் தெரியாமல் நிஜத் தாலியைக் கட்டிவிட்டார்கள், இந்த ஆள் இவளுடைய அக்காவின் கணவன், இதற்கு உங்களைச் சாட்சி என்று சொல்கிறார்கள். இவளுக்குச் சம்மதம் இல்லை. அதற்கும் நீங்கள்தான் சாட்சி. இந்த இடத்தை ஏற்பாடு செய்தது நான், நிறுத்தியிருக்க வேண்டியவளும் நான், நிறுத்தவில்லை. அவ்வளவும் மெல்லிய குரலில்தான் சொன்னாள். ஊர்க்காரர் யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் முப்பத்துநான்கு முகமும் ஒன்றாக மாறுவதை ஊரே பார்த்தது. தூக்கிப் பிடித்திருந்த போன்கள் ஒவ்வொன்றாக இறங்கின. நீலத் தொப்பிக்காரம்மாள் பக்கத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு கல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

என்ன சொன்ன, என்ன சொன்ன என்று பேச்சித்தாய் பாய்ந்து வந்தாள்.

பொன்செல்வி கயிற்றைத் தலை வழியே கழற்றப் பார்த்தாள். வேண்டுமென்றே குட்டையாகக் கட்டியிருந்தார்கள், தாடையைத் தாண்டவில்லை. முடிச்சோ பிடரியில், அவள் விரலுக்கு எட்டினாலும் நகத்துக்கு அகப்படவில்லை. ஈர மஞ்சள் கயிறு இறுகிக் கல்லாகியிருந்தது. திரும்பி நின்று தலைமுடியை ஒதுக்கி, அவுத்து விடுங்க டீச்சர் என்று கழுத்தைக் காட்டினாள்.

டெபோராவின் கை எழுந்தது. எழுந்த கை தன் கழுத்துத் தாலிக்குப் போய் அதைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டது. அவளுக்கே திகைப்பாக இருந்தது. இத்தனை படித்து, இத்தனை பேசி, ஒரு கயிற்றை அவிழ்க்கக் கை வரவில்லை. உயிரோடு இருக்கிற ஒருவன் கட்டின தாலியை இன்னொரு பெண் கழுத்திலிருந்து எடுப்பதா என்று உள்ளே ஒன்று பதறியது. பொய்த் தாலி, திருட்டுத் தாலி என்று தெரிந்தும் பதறியது. நீலத் தொப்பிக்காரம்மாள் பைக்குள் துழாவி ஒரு சின்ன நகம் வெட்டும் கத்திரியை எடுத்து நீட்டினாள். அதைப் பார்த்ததும் ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் மூச்சை உள்ளே இழுத்தார்கள். டெபோரா கத்திரியை வாங்கிக்கொண்டாள். வாங்கின கை கயிறு வரைக்கும் போனது, அறுக்கவில்லை.

“அறுக்காதிய டீச்சர். நான் அவுக்கேன்.”

மாரிக்கண்ணு தூணை விட்டு வந்திருந்தாள். பேச்சித்தாய் அவள் கையைப் பிடித்து இழுத்தாள், அவள் உதறிவிட்டாள். எட்டு வருஷத்தில் முதல் தடவையாக உதறியிருப்பாள் போல, பேச்சித்தாயே ஒரு அடி பின்னால் போனாள். மாரிக்கண்ணு தங்கச்சியின் பின்னால் நின்று முதல் முடிச்சை நகத்தால் நெம்பினாள், வரவில்லை. குனிந்து பல்லால் கடித்து இழுத்தாள். மஞ்சள் அவள் உதட்டில் ஒட்டியது. அப்போது டெபோரா அவள் கழுத்தைப் பார்த்தாள். வெறும் கழுத்து. கயிறு கிடந்த இடத்தில் வெளுத்த ஒரு கோடு மட்டும் இருந்தது. காலையில் அதைக் கழற்றிக் கொடுக்கும்போது இவள் என்ன பாடு பட்டிருப்பாள் என்று டெபோராவால் நினைக்கக்கூட முடியவில்லை.

“ஏங்க்கா?” என்று பொன்செல்வி திரும்பாமலேயே கேட்டாள்.

“வேற எவளாச்சும் வந்தா என்னைய வெளிய தள்ளிருவாவ, ஏட்டி. நீன்னா என்னைய ஒரு மூலையில கெடக்க விடுவியேன்னு நெனச்சேன்.”

பொன்செல்வியின் தோள் குலுங்கியது. இரண்டாவது முடிச்சு அவிழ்ந்தது, மூன்றாவதும் அவிழ்ந்தது. இந்தத் தடவை யாரும் கை தட்டவில்லை.

தாலி மாரிக்கண்ணுவின் உள்ளங்கையில் கிடந்தது. அதைக் கழுத்துல போட்டுக்கிட்டு வீட்டுக்கு நட என்று பேச்சித்தாய் உத்தரவு போட்டாள். குரலில் பழைய கனம் இல்லை. மாரிக்கண்ணு புருஷன் முன்னால் போய் நின்றாள். அவன் அப்போதுதான் மணையிலிருந்து தலையைத் தூக்கினான். அவன் கையைப் பிடித்து விரித்து, தாலியை அதில் வைத்து, விரல்களை அவளே மடக்கிவிட்டாள்.

“ஒரு வார்த்த பேசாம இருந்தீரே. நீரே வச்சுக்கிடும்” என்றாள்.

இரண்டரைக்குக் கிளம்ப வேண்டிய பஸ் பன்னிரண்டரைக்கே கிளம்ப நின்றது. கல்வெட்டையும் யாரும் பார்க்கவில்லை, இளநீரையும் யாரும் குடிக்கவில்லை. வந்தவர்கள் பேசாமல் ஏறி அவரவர் இடத்தில் உட்கார்ந்தார்கள். நீலத் தொப்பிக்காரம்மாள் முன் சீட்டைக் காலி செய்து பொன்செல்வியைக் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டுப் பின்னால் போனாள். பட்டுச்சேலையோடு, கழுத்தில் சிவந்த கோட்டோடு அவள் உட்கார்ந்திருந்தாள். மாரிக்கண்ணு படியில் ஒரு கால் வைத்தபடி கீழேயே நின்றாள். ஏறு என்று சொல்ல டெபோராவுக்கு வாய் எழவில்லை. அதைச் சொல்ல உரிமையுள்ளவள் உள்ளே உட்கார்ந்திருந்தாள்.

பொன்செல்வி வெகு நேரம் கண்ணாடிக்கு வெளியே ஆற்றைப் பார்த்தாள். பிறகு அக்காவைப் பார்க்காமலேயே ஜன்னல் ஓரமாக நகர்ந்து, பக்கத்தில் இடம் விட்டாள். மாரிக்கண்ணு ஏறி அந்த இடத்தின் நுனியில் உட்கார்ந்தாள்.

டெபோரா வழக்கம்போல முன்னாலிருந்து பின்னால் வரை எண்ணிக்கொண்டு போனாள், பின்னாலிருந்து முன்னால் வரை எண்ணிக்கொண்டு வந்தாள். சேக் முகம்மது சாவியில் கை வைத்தபடி காத்திருந்தார்.

“முப்பத்தாறு, பாய்” என்றாள்.

அவர் கண்ணாடியில் ஒரு தடவை பார்த்துவிட்டுச் சாவியைத் திருப்பினார்.